தமிழகத்தில் படித்த தாதிக்கு வன்னியில் ஒரு வழி வேண்டும்

மல்லாவியிலோ முள்ளியவளையிலோ வேலை செய்யும் ஒரு தாதிய உத்தியோகத்தரிடம், லண்டனுக்கு எப்படிப் போவது என்று கேட்டுப் பாருங்கள். நின்ற நிலையிலேயே முழுவதையும் சொல்லிவிடுவார். முதலில் ஆங்கிலப் பரீட்சை. ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்றால் எழுத்தில் 6.5, மற்ற மூன்றிலும் 7 வேண்டும். அடுத்தது கணினிப் பரீட்சை. பிறகு அங்குள்ள ஒரு வைத்தியசாலையின் வேலைக் கடிதம், விசா, பயணம். போய் இறங்கியதும் ‘ஓஸ்கி’ என்ற செய்முறைப் பரீட்சை. அதில் தேறினால் பதிவு இலக்கம் வரும், சம்பளம் ‘பாண்ட் 5’க்கு ஏறும். எந்தப் பரீட்சைக்கு எத்தனை பவுண், எத்தனை தரம் எழுதலாம், தவறினால் என்ன என்பதெல்லாம் அவருக்குப் பாடம்.

அதே மல்லாவிக்குத் தமிழகத்து அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த ஒரு பெண், கையில் இந்தியத் தாதியியல் பட்டத்தோடு, “இங்கே நான் நேர்ஸாக வேலை செய்ய எங்கே தொடங்க வேண்டும்?” என்று கேட்கட்டும். பிரதேச செயலகத்தில் கேட்டால் வைத்தியசாலைக்குப் போகச் சொல்வார்கள். வைத்தியசாலையில் கேட்டால் கொழும்புக்கு எழுதச் சொல்வார்கள். கொழும்பில் யாருக்கு எழுதுவது, எந்தப் பத்திரங்களை இணைப்பது, எவ்வளவு காலம் பொறுப்பது என்று அறுதியாகச் சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை. எட்டாயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால் போக வரைபடம் இருக்கிறது. சொந்த ஊர் வைத்தியசாலையின் வாசலுக்கு இல்லை.

இந்த நிலைமை மாற வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கோரிக்கை. வெளிநாட்டில் படித்த தாதி ஒருவரைச் சோதித்து, குறைகளை நிரப்பி, மேற்பார்வையில் வேலை செய்யவிட்டு, சேவைக்குள் எடுப்பது உலகம் தினமும் செய்துவரும் காரியம். எங்கள் பிள்ளைகளை வைத்தே செய்கிறது. எங்கள் பிள்ளைகளுக்காக நாங்களும் அதைச் செய்ய முடியும்.

பிரித்தானியா தன் பாதையை எங்கள் மீதுள்ள அன்பினால் போடவில்லை. விடுதிகளில் ஆளில்லாததால் போட்டது. ஆனாலும் போட்ட விதத்தைக் கற்றுக்கொள்வதில் எங்களுக்கு நட்டமில்லை. வெளியில் படித்தவரின் பட்டத்தை அங்குள்ள தாதியர் பேரவை கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதில்லை. அது எந்த ஊர்ப் பட்டம் என்று பார்த்து ஒதுக்குவதுமில்லை. இரண்டு பகுதியாகச் சோதிக்கிறது. முதற் பகுதியை அவரவர் தம் நாட்டில் இருந்தபடியே எழுதலாம். மருந்தின் அளவைக் கணக்கிடுவது, சேலைன் எத்தனை துளி வேகத்தில் ஓட வேண்டும் என்று சொல்வது போன்ற கணக்குகளும் அதில் உண்டு. இரண்டாம் பகுதி முழுக்க முழுக்கக் கைவேலை. நோயாளியாக நடிப்பவரோடு பேசி அவர் நிலையை மதிப்பிட வேண்டும். பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும். மருந்து கொடுக்க வேண்டும். அடுத்த விடுதிக்கு ஒப்படைக்கும் குறிப்பை எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கடிகாரம் ஓடும்.

வேலையில் சேர்ந்து 12 வாரத்துக்குள் இந்தப் பரீட்சைக்கு முதற்தடவை தோற்றிவிட வேண்டும். அதுவரை அவர் சும்மா இருப்பதில்லை. பதிவுபெற்ற தாதியரின் மேற்பார்வையில் அதே விடுதியில் உதவியாளராக வேலை செய்கிறார், சம்பளம் பெறுகிறார், பரீட்சைக்கான பயிற்சி வகுப்புக்கும் போகிறார். பரீட்சைக் கட்டணத்தைப் பல வைத்தியசாலைகள் தாமே கட்டுகின்றன. இப்படிச் சேர்த்துச் சேர்த்துத்தான், இன்று அந்த நாட்டின் பதிவேட்டில் உள்ள தாதியரிலும் பிரசவத் தாதியரிலும் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வெளிநாட்டில் படித்தவராக இருக்கிறார்.

அங்கே எல்லாம் தேன் என்று சொல்ல வரவில்லை. ஊரில் பன்னிரண்டு பதினைந்து வருடம் வேலை செய்து, அவசர சிகிச்சைப் பிரிவைப் பொறுப்பெடுத்து நடத்தியவரும் அங்கே போனால் அடிப்படியிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதற்கு மேலே ஏற ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் ஏராளம். இடையில் வேலையை விட்டால் செலவுப் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தங்களும் உண்டு. இந்தக் குறைகள் எங்களுக்கும் பாடம்தான். உள்ளே வர வாசல் வைத்தால் போதாது, வந்தவர் ஏறிச் செல்லப் படிகளும் வேண்டும் என்பதை அவை சொல்லித் தருகின்றன.

இனி எங்கள் கதைக்கு வருவோம்.

1983 ஜூலைக்குப் பிறகு தமிழகத்துக்குப் படகேறியவர்களில் வன்னி மக்கள் பெருந்தொகை. அதிலும் ஒரு பகுதியினரின் வரலாற்றை நாங்கள் அடிக்கடி மறந்துவிடுகிறோம். 1958இலும் 1977இலும் நடந்த வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் தப்பி வந்து, வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியேறியவர்கள் அவர்கள். இரண்டாவது தடவையாகவோ மூன்றாவது தடவையாகவோ வேர் பிடுங்கப்பட்டுத்தான் அவர்கள் இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். பலரிடம் எந்த நாட்டுக் குடியுரிமைப் பத்திரமும் இருக்கவில்லை. 2021இல் தமிழக அரசு அகதி முகாம்களை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள்’ என்று பெயர் மாற்றியபோதும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் 58,000 பேரளவில் இருந்தார்கள்.

அந்த முகாம்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் படித்தார்கள். பத்துக்குப் பத்து அடி அறைக்குள், பக்கத்து வீட்டு வானொலிச் சத்தத்துக்கும் அழுகைக்கும் நடுவில் படித்தார்கள். 1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு உயர்கல்வியின் கதவு அவர்களுக்கு மூடப்பட்டது. 1996க்குப் பிறகு மெல்லத் திறந்தது. 1984இல் சென்னையில் சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்ற அமைப்புகள், பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புவதைப் போராட்டமாகவே நடத்தின. மருத்துவக் கல்லூரி எட்டாத உயரத்தில் இருந்தது. தாதியியல் எட்டியது. கூலி வேலைக்குப் போன தாய் தகப்பன் கட்டணம் கட்டினார்கள், காதில் கழுத்தில் கிடந்ததை அடகு வைத்தார்கள், பிள்ளைகள் வெள்ளைச் சீருடை போட்டார்கள். குடியுரிமை இல்லாததால் இந்திய அரசு வேலை கிடைக்காது. ஆகவே சென்னையிலும் திருச்சியிலும் மதுரையிலும் தனியார் மருத்துவமனைகளில், குறைந்த சம்பளத்துக்கு இரவு பகலாக வேலை பழகினார்கள்.

யுத்தம் முடிந்தபின் ஆயிரக்கணக்கானோர் ஊர் திரும்பினார்கள். அவர்களோடு இந்தப் பட்டங்களும் வந்தன.

பலருடைய அனுபவங்களையும் ஒருவருடையதாகச் சேர்த்துச் சொல்கிறேன். பெற்றோர் செட்டிகுளத்தவர்கள். மகள் பிறந்தது கும்மிடிப்பூண்டி முகாமில். பிறப்பை முதலில் பதிந்தது தமிழகத்து உள்ளூராட்சி அலுவலகம். இலங்கைக் குடியுரிமைக்காகச் சென்னையிலுள்ள துணைத் தூதரகத்தில் மீண்டும் பதிய வேண்டும். ஒன்றில் பெயர் ஒரு விதமாகவும் மற்றதில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருக்கும். பள்ளிச் சான்றிதழில் தகப்பன் பெயரின் முதலெழுத்து மட்டும் இருக்கும், இலங்கைப் பத்திரத்தில் முழுப்பெயர் இருக்கும். பட்டச் சான்றிதழை இந்திய அரசின் திணைக்களம் உறுதிப்படுத்த வேண்டும், பிறகு தூதரகம் உறுதிப்படுத்த வேண்டும். இவற்றையெல்லாம் கப்பலோ விமானமோ ஏறுவதற்கு முன் செய்திருந்தால் சிரமம் குறைவு. ஆனால் புறப்படும் குடும்பத்துக்கு அதை யார் சொல்கிறார்கள்? ஊருக்கு வந்து, காட்டைத் துப்புரவாக்கி, கொட்டில் போட்டு, கிணறு இறைத்து முடிந்தபின்தான் சான்றிதழ் ஞாபகத்துக்கு வருகிறது. அப்போது ஒரு முத்திரைக்காக மறுபடி சென்னைக்குப் போக வேண்டும். கடவுச்சீட்டு, விசா, பயணச் செலவு எல்லாம் சேர்த்தால் ஒரு போக விளைச்சலின் காசு.

பத்திரம் சரியானாலும் அடுத்த வாசலில் நிற்க வேண்டும். இந்த நாட்டில் தாதியரைப் பதிவது 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இலங்கைத் தாதியர் பேரவை. அதற்கு அப்பால் அரச சேவை. அரச வைத்தியசாலைகளுக்கான தாதியரின் பெரும்பகுதி, வர்த்தமானியில் விண்ணப்பம் கோரி, உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தவர்களைத் தெரிந்து, வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ளவை போன்ற அரசாங்கத் தாதியர் பயிற்சிக் கல்லூரிகளில் மூன்று வருடம் பயிற்றி எடுக்கப்படுபவர்கள். இன்னொரு பகுதியினர் எங்கள் பல்கலைக்கழகங்களின் நான்கு வருடத் தாதியியல் பட்டதாரிகள். இந்த ஒழுங்கு இங்கே பிறந்து இங்கே படித்த பிள்ளையை மனதில் வைத்து அமைந்தது. தமிழகத்தில் பன்னிரண்டாம் வகுப்பு எழுதியவரின் பெறுபேறு அதன் கட்டங்களுக்குள் இலகுவில் பொருந்தாது. படிப்பை முடித்து, வேலை பழகி, பத்திரம் தேடி வரும்போது வயதெல்லை ஒரு பக்கத்தால் நெருங்கிவிடும்.

பிறகு என்ன நடக்கிறது? தனியார் கிளினிக்கில் சீட்டு எழுதுகிறார்கள். மருந்துக்கடையில் நிற்கிறார்கள். முன்பள்ளியில் பாடம் சொல்கிறார்கள். சிலர் வீட்டோடு இருந்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் வளைகுடா நாடு ஒன்றுக்கு, தாதியாகக்கூட அல்ல, வயோதிபரைப் பார்க்கும் வேலைக்குப் போகிறார்கள். நான்கு வருடம் உடற்கூற்றியலும் மருந்தியலும் படித்து, தையல் போடுவதற்குத் தட்டு ஒழுங்குபண்ணி, நூற்றுக்கணக்கான இரவுகள் விழித்த கைகள் அவை. இதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

வன்னி வைத்தியசாலைகள் ஆட்களால் நிரம்பி வழிந்தால் இதை நான் எழுத வந்திருக்க மாட்டேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகள், புதுக்குடியிருப்பு, மல்லாவி, மாங்குளம், செட்டிகுளம் ஆதார வைத்தியசாலைகள், அவற்றுக்கு அப்பால் தருமபுரம், அக்கராயன், முழங்காவில் என்று நீளும் சிறிய வைத்தியசாலைகள். யுத்தத்துக்குப் பிறகு இவற்றில் பலவற்றில் புதிய கட்டடங்கள் எழுந்தன. நெதர்லாந்து உதவியோடு கிளிநொச்சியில் பெண்களுக்கான சிறப்புச் சிகிச்சை நிலையமும் மாங்குளத்தில் புனர்வாழ்வுச் சிகிச்சைக்கான வசதியும் வந்தன. கட்டடம் எழுந்த வேகத்தில் ஆளணி வரவில்லை. நியமனம் பெற்று வருபவர்களில் பலர் வெளி மாவட்டத்தவர்கள். குறித்த காலம் முடிந்ததும் ஊர்ப்பக்கம் இடமாற்றம் கேட்கிறார்கள். அதில் பிழை காண எதுவுமில்லை, பிள்ளை குட்டி உள்ளவர்கள் கேட்கத்தான் செய்வார்கள்.

தெற்கிலிருந்து வந்து இங்கே வேலை செய்யும் சிங்களத் தாதியரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவர்களில் எத்தனையோ பேர் அர்ப்பணிப்போடு வேலை செய்கிறார்கள், தமிழ் பழகுகிறார்கள், எங்கள் நோயாளர்கள் அவர்களை வாழ்த்தியே வீடு திரும்புகிறார்கள். ஆனால் நடுச்சாமத்தில் விடுதிக்கு வரும் ஒரு முதிய தாய் “நாரிக்குள்ள பிடிச்சு அடிவயிறு உளையுது, பிள்ளை” என்று முனகும்போது, அந்த உளைவு எங்கே தொடங்கி எங்கே போகிறது, எப்போது கூடுகிறது என்று கேட்டறியப் பழகுதமிழ் போதாது. முதற் பிரசவத்துக்கு வந்த பெண் வெட்கத்தில் விழுங்கும் சொற்களைப் பிடித்தெடுக்க இன்னும் கூடுதலாக மொழி வேண்டும். யுத்தத்தில் எல்லாரையும் இழந்தவர் வாட்டில் இருந்து மௌனமாக அழும்போது என்ன கேட்பது, என்ன கேட்காமல் விடுவது என்பதற்கு மொழியோடு அந்த வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். முகாமில் வளர்ந்த பெண்ணுக்கு அந்த வரலாற்றை ஒருவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

வன்னியின் நோய்களும் அவர்களுக்குப் புதியவை அல்ல. வயல் வரம்பில் பாம்பு கடித்து வருபவருக்கு எங்கள் வைத்தியசாலைகளில் ஏற்றும் நச்சுமுறி மருந்து இந்தியாவில் தயாராவது. அதை ஏற்றும்போது ஒவ்வாமை வருகிறதா என்று நிமிடத்துக்கு நிமிடம் பார்த்திருப்பதை, கிராமப்புறத் தமிழகத்தில் வேலை செய்த தாதி செய்து பழகியிருப்பார். நீரிழிவுக் கால்புண், நாட்பட்ட சிறுநீரக நோய், முள்ளந்தண்டு அடிபட்டு ஆண்டுக்கணக்கில் படுக்கையில் இருப்பவரின் படுக்கைப்புண் ஆகியவற்றை நாளாந்தம் பார்க்கக் கைகள் வேண்டும். வீடு வீடாகப் போகக் கால்கள் வேண்டும். இந்தியத் தாதியியல் படிப்பில் சமுதாய சுகாதாரமும் பேறுகாலப் பராமரிப்பும் உள்ளடக்கம். அங்கே படித்து முடித்தவர் தாதியாகவும் பிரசவத் தாதியாகவும் சேர்ந்தே பதிவு பெறுகிறார். இங்கே அவை வேறு வேறு சேவைகள். குடும்பநல உத்தியோகத்தருக்குத் தனிப் பயிற்சி, தாதிக்குத் தனிப் பயிற்சி. இரண்டும் பழகிய ஒருவர் தருமபுரம் போன்ற இடத்தில் எவ்வளவு உதவியாக இருப்பார் என்பதை ஆளணி வகுப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய நியாயங்கள் இருக்கின்றன. அவற்றை மதித்தே பேச வேண்டும்.

இந்தியாவில் எல்லாத் தாதியியல் கல்லூரிகளும் ஒரே தரத்தில் இல்லை. நல்ல கல்லூரிகளோடு, படுக்கையே இல்லாத வைத்தியசாலையைப் பயிற்சிக்குக் காட்டிய கல்லூரிகளும் அங்கே இருந்தன. மத்தியப் பிரதேசத்தில் அப்படிப்பட்ட கல்லூரிகள் மீது மத்திய புலனாய்வுத் துறையே விசாரணை நடத்தியது. எங்கள் சுகாதார சேவையோ எளிதில் கட்டியெழுப்பப்பட்டதல்ல. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து படிப்படியாக வளர்ந்து, தாய் சேய் மரணத்தைத் தென்னாசியாவே பார்த்து வியக்கும் அளவுக்குக் குறைத்த சேவை இது. அதன் தரத்தில் ஒரு மயிரிழை குறையவும் இடம் கொடுக்கக் கூடாது என்று தாதியர் சங்கங்கள் சொன்னால் நானும் அவர்கள் பக்கம்தான். விடுதியில் படுத்திருக்கப்போவது எங்கள் தாய்மார்.

அதனால்தான் பரீட்சையைக் கேட்கிறேன். பட்டத்தைக் காட்டியதும் நியமனம் கொடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. தமிழிலும் எழுதக்கூடிய ஒரு எழுத்துப் பரீட்சை. நோயாளியின் பக்கத்தில் நின்று செய்துகாட்டும் ஒரு செய்முறைப் பரீட்சை. இரண்டும் ஆண்டுதோறும் குறித்த மாதத்தில் நடக்க வேண்டும், பாடத்திட்டம் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். தேறாதவர் தேறாதவர்தான், மறுபடி படித்து எழுதட்டும். வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்கு இந்த நாடு நெடுங்காலமாக இதைத்தானே செய்கிறது! ரஷ்யாவிலோ பங்களாதேஷிலோ படித்து வந்த மருத்துவர், மருத்துவப் பேரவையின் பரீட்சையில் தேறி, அரச வைத்தியசாலையில் உள்ளகப் பயிற்சி முடித்து, பிறகு சேவைக்கு வருகிறார். அந்தப் பரீட்சை கடினமானது, பலர் பல தடவை எழுதுகிறார்கள். ஆனாலும் இருக்கிறது என்று ஊர் முழுக்கத் தெரியும். பதினேழு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். மருத்துவருக்கு ஊரறிய இருக்கும் பாதை தாதிக்கும் ஊரறிய இருக்க வேண்டும்.

உள்ளூர்ப் பிள்ளைகளின் இடம் பறிபோகும் என்ற அச்சமும் நியாயமானது. வன்னிப் பள்ளிக்கூடங்களில் உயர்தர விஞ்ஞானப் பிரிவை நடத்துவதே பாடு. ஆய்வுகூடம் இருந்தால் ஆசிரியர் இல்லை, ஆசிரியர் வந்தால் அடுத்த வருடம் மாற்றம். அப்படிப்பட்ட இடத்திலிருந்து தட்டுத்தடுமாறி வவுனியா தாதியர் கல்லூரிக்கு வரும் பிள்ளையின் ஒரு இடத்தைக்கூடத் தொடக் கூடாது. திரும்பி வந்த தாதியருக்கான அனுமதி, நிரப்பப்படாமல் கிடக்கும் வெற்றிடங்களுக்கு மேலதிகமாக, தனி வரிசையில் நடக்க வேண்டும். வருடக்கணக்காக நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் இருந்த வடமாகாண சுகாதாரத் தொண்டர்களை நாங்கள் மறந்துவிட முடியாது. ஒரு பகுதியினரின் நியாயத்தை இன்னொரு பகுதியினரின் வயிற்றில் அடித்துப் பெற்றால் அது வன்னிக்கு நன்மையாகாது.

பரீட்சைக்கும் நியமனத்துக்கும் இடையில் என்ன நடக்க வேண்டும் என்பதற்குக் கனடாவிலிருந்து ஒரு நல்ல உதாரணம் உண்டு. ஒன்ராறியோ மாகாணத்தில் வெளிநாட்டில் படித்த தாதியர் பலர், அண்மைக்கால வேலை அனுபவத்தைக் காட்ட முடியாமல் பதிவின்றித் தேங்கிக் கிடந்தார்கள். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் அப்படித் தேங்கியவர்கள் எங்கள் உறவினரிடையேயும் உண்டு. 2022இல் அந்த மாகாணம் மேற்பார்வையுடன் கூடிய பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. வைத்தியசாலை ஒன்று அவரை ஏற்றுக்கொள்ளும். அனுபவமுள்ள தாதி ஒருவரின் கண்காணிப்பில் குறைந்தது 140 மணித்தியாலம் வேலை செய்தால் அந்த அனுபவத் தேவை நிறைவேறும். வருடக்கணக்கில் அடைத்துக் கிடந்த ஒரு வாய்க்கால் சில வாரங்களில் திறந்தது.

வன்னியில் இதைச் செய்வதற்கு வேண்டிய நிறுவனங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. வவுனியாவில் தாதியர் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது, பக்கத்திலேயே மாவட்டப் பொது வைத்தியசாலையும் இருக்கிறது. அங்கே ஆறு மாத இணைப்புப் பயிற்சி ஒன்றை நடத்தலாம். அதில் இலங்கையின் தடுப்பூசி அட்டவணை, கர்ப்பவதிப் பதிவேடு, பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் வேலைமுறை, எங்கள் மருந்துப் பட்டியல், எங்கள் சட்டங்கள், அடிப்படைச் சிங்களம் ஆகியவை இருக்க வேண்டும். சிங்களத்தைச் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அரச சேவையில் மற்ற அரச கரும மொழியிலும் தேர்ச்சி காட்ட வேண்டும் என்பது விதி. தமிழகத்தில் வளர்ந்தவருக்கு அந்த மொழியோடு எந்தப் பழக்கமும் இல்லை. தொடக்கத்திலேயே கற்பிக்காவிட்டால் பதவி உயர்வின் ஒவ்வொரு படியிலும் அது தடுக்கும். பயிற்சியின் பிற்பாதியைக் கிளிநொச்சி, முல்லைத்தீவு வைத்தியசாலைகளில் மேற்பார்வையோடு கழிக்கலாம். தமிழகக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தை எங்களுடையதோடு ஒப்பிட்டு எங்கே இடைவெளி என்று எழுதித் தர யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தாதியியல் விரிவுரையாளர்களை விடப் பொருத்தமானவர்கள் இல்லை. இந்தியத் தாதியர் பேரவையோடு நேரடியாகப் பேசவும் முடியும். சிங்கப்பூர்ப் பேரவை 2018இல் அப்படிப் பேசி ஒரு பரஸ்பர அங்கீகார உடன்பாட்டைச் செய்துகொண்டது.

பத்திர வேலையைச் சென்னையிலேயே முடித்துவிட வேண்டும். ஊர் திரும்ப விண்ணப்பிக்கும் குடும்பத்தில் தாதியியல் படித்தவர் இருக்கிறாரா என்று துணைத் தூதரகம் ஒரு கேள்வி கேட்டால் போதும். அவருடைய சான்றிதழ்கள் உறுதிப்படுத்தப்பட்டு, பிரதியொன்று நேரே தாதியர் பேரவைக்குப் போய்ச் சேரட்டும். பெயர் வேறுபாட்டுக்குச் சத்தியக் கடதாசி ஒன்றை ஒரே தடவையில் ஏற்றுக்கொள்ளட்டும்.

வயதெல்லை இன்னொரு முக்கியமான இடம். முகாமில் கழிந்த ஆண்டுகள் அந்தப் பெண்ணின் சோம்பலால் கழிந்தவை அல்ல. யுத்தத்தால் இடம்பெயர்ந்தவர்களுக்கு 45 வயது வரை விண்ணப்பிக்க இடம் கொடுத்தால் சேவைக்கு இன்னும் 15 ஆண்டுகள் கிடைக்கும். தமிழகத்தில் செய்த வேலையில் உறுதிப்படுத்தக்கூடிய ஆண்டுகளைச் சம்பளப் படியில் ஒரு பங்காவது கணக்கில் எடுக்க வேண்டும். பத்து வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில் நின்றவரை நேற்றுப் படித்து வந்தவரோடு ஒரே வரியில் நிறுத்தினால், லண்டனில் எங்கள் தாதியர் படும் மனவருத்தத்தை நாங்களே இங்கே உண்டாக்குகிறோம்.

இன்னொரு கூட்டத்தினரையும் இங்கே நினைக்கிறேன். 2008இன் இறுதியில் கிளிநொச்சி வைத்தியசாலை இடம்பெயர்ந்து தருமபுரம், உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று தறப்பாளுக்குக் கீழே ஓடியபோது, எந்தப் பேரவையின் பதிவும் இல்லாமல் காயம் கட்டியவர்கள், இரத்தம் ஏற்றியவர்கள், பிரசவம் பார்த்தவர்கள் பலர். அவர்களில் உயிர் தப்பியவர்கள் இன்று நடுத்தர வயதில் தோட்டம் செய்கிறார்கள், கடை வைத்திருக்கிறார்கள். அவர்கள் வெளிநாட்டில் படிக்கவில்லை. ஆனால் அவர்கள் கற்றதற்கும் பெயர் சொல்ல ஒரு கடதாசி இல்லை. முறையான ஆரம்பப் பயிற்சி உள்ளவர்களுக்காவது, முதியோர் பராமரிப்பிலும் வீட்டுச் சிகிச்சையிலும் சான்றிதழ் பெறும் ஒரு வழியை இதே இணைப்புப் பயிற்சியின் பக்கத்தில் வைக்கலாம்.

போகிறவர்களைத் தடுப்பதைப் பற்றி நான் எழுதவில்லை, தடுக்கவும் கூடாது. 2022இல் நாடு வங்குரோத்தானபோது அரசாங்கமே 14/2022 இலக்கச் சுற்றறிக்கையை வெளியிட்டு, அரச ஊழியர்கள் சம்பளமற்ற விடுமுறையில் 5 வருடம் வரை வெளிநாட்டில் உழைக்க அனுமதித்தது. வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் நெருக்கும்போது ஒரு தாதி போகத்தான் செய்வார். உலக சுகாதார நிறுவனம் 2010இல் ஏற்றுக்கொண்ட ஆட்சேர்ப்பு நெறிமுறையும் வறிய நாடுகளின் ஆளணியை உறிஞ்ச வேண்டாம் என்று பணக்கார நாடுகளைக் கேட்கிறதே தவிர, தனி மனிதரின் போகும் உரிமையை மறுக்கவில்லை. ஆனால் ஒரு பக்கம் பயிற்றிய தாதியரை வழியனுப்பிக்கொண்டே, மறு பக்கம் பயிற்சி பெற்று வாசலில் நிற்பவர்களை உள்ளே விடாமல் இருப்பது எந்த நிர்வாகக் கணக்கிலும் சரிவராது. ஒரு தாதியை உருவாக்க அரசாங்கம் மூன்று வருடம் கொடுப்பனவும் விடுதியும் விரிவுரையாளர் சம்பளமும் செலவிடுகிறது. முகாம் பெற்றோர் கூலி வேலை செய்து கட்டிய கட்டணத்தில் உருவான தாதியை எடுத்துக்கொள்ள அதில் ஒரு சிறு பங்கு போதும்.

முதல் வேலை எண்ணிக்கை எடுப்பது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டச் செயலகங்கள் தங்கள் கிராம அலுவலர்கள் மூலம், வெளிநாட்டில் தாதியியல் படித்துவிட்டுத் தங்கள் பிரிவில் இருப்பவர்கள் யார், எங்கே படித்தார்கள், எத்தனை வருடம் வேலை செய்தார்கள், எந்தப் பத்திரம் இல்லாமல் நிற்கிறார்கள் என்று ஒரு மாதத்துக்குள் பட்டியலிட முடியும். பட்டியல் இல்லாமல் கொழும்பில் யாரும் பேச்சைக் காதில் வாங்க மாட்டார்கள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு, சுகாதார அமைச்சிடமும் தாதியர் பேரவையிடமும் அடுத்த ஆட்சேர்ப்பு வர்த்தமானிக்கு முன் திகதி கேட்டுப் போக வேண்டியவர்கள் வன்னித் தேர்தல் மாவட்டத்தின் 6 நாடாளுமன்ற உறுப்பினர்களும், கிளிநொச்சியின் வாக்குகளையும் பெற்ற யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 6 உறுப்பினர்களும். எந்தக் கட்சியாக இருந்தாலும் பன்னிரண்டு பேரும் ஒரே கடிதத்தில் கையொப்பமிடக்கூடிய விடயம் இது.